அறிந்தவன் கடமை – பிரிட்யோப் நான்சன் வாழ்க்கை

தீமை செய்தவனை உலகம் பழிக்கிறது, சட்டம் தண்டிக்கிறது. ஆனால் செய்யக்கூடிய நன்மையைச் செய்யாமல் இருந்தவனை என்ன செய்வது? அவன் யாரையும் அடிக்கவில்லை. எவர் பொருளையும் பறிக்கவில்லை. கிணற்றில் விழுந்தவனைத் தள்ளிவிட்டவனும் அவன் அல்லன். கையில் கயிற்றோடு கரையில் நின்றான், கயிற்றை வீசவில்லை, அவ்வளவுதான். அவன் குற்றவாளியா, இல்லையா?

இந்தக் கேள்வியைத் தத்துவ நூல்களில் எழுதிப் பார்த்தவர்கள் பலர். பல நாட்டுப் பிரதிநிதிகள் கூடியிருந்த பெரிய மன்றத்தில், அவர்களுடைய முகத்துக்கு நேரே கேட்டவர் ஒருவர். அவர் தத்துவப் பேராசிரியர் அல்லர். நம்மில் பலரைப் போல விஞ்ஞானம் படித்தவர்.

கடல் நூல் பயிலும் மாணவர்கள் நான்சன் புட்டி என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள். ஆழ்கடலில் வேண்டிய மட்டத்து நீரை, மற்ற மட்டத்து நீரோடு கலந்துவிடாமல் மேலே கொண்டு வருவதற்கு நெடுங்காலம் பயன்பட்ட உலோகக் குழாய் அது. ஆய்வுக் கூடத்தில் அந்தப் பெயரைப் படித்துவிட்டு நாம் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அந்தப் பெயருக்குரிய மனிதரின் வாழ்க்கையையும் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

பனியில் வளர்ந்த பிள்ளை

பிரிட்யோப் நான்சன் 1861ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள், நார்வே நாட்டின் தலைநகருக்கு அருகில் பிறந்தார். இன்று ஆஸ்லோ என்று வழங்கும் அந்நகருக்கு அப்போது கிறிஸ்டியானியா என்று பெயர். தந்தை வழக்கறிஞர், ஒழுங்கும் கண்டிப்பும் உடையவர். தாய் திடமான உள்ளம் படைத்தவர், பனிச்சறுக்கில் விருப்பமுள்ளவர். பனிச்சறுக்குக் கட்டைகளைக் காலில் கட்டிக்கொண்டு காட்டிலும் மலையிலும் தனியே திரிவதே அந்தப் பிள்ளையின் பெருமகிழ்ச்சியாக இருந்தது.

பல்கலைக் கழகத்தில் அவர் தேர்ந்தெடுத்த பாடம் விலங்கியல். வெளியே திரிந்து வாழலாம் என்ற ஆசையும் அதற்கு ஒரு காரணம். 1882இல் கடல்நாய் வேட்டைக் கப்பல் ஒன்றில் வடகடலுக்குச் சென்றார். கப்பல் பனிக்கட்டியில் சிக்கி நின்ற நாட்களில் தொலைவில் கிரீன்லாந்தின் கரை தெரிந்தது. அக்கரையை மூடியிருந்த வெண்பனிப் பரப்பை யாரும் குறுக்கே கடந்ததில்லை. அந்தக் காட்சி இளைஞரின் உள்ளத்தில் தங்கிவிட்டது.

திரும்பி வந்ததும் பெர்கன் நகர அருங்காட்சியகத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. சில ஆண்டுகள் அவர் நுண்ணோக்கியை விட்டுத் தலை நிமிரவில்லை. சிற்றுயிர்களின் நரம்பு மண்டலத்தை ஆராய்ந்தார். இத்தாலிக்குச் சென்று, நரம்புகளுக்குச் சாயமேற்றும் முறையைக் கண்டறிந்த கோல்ஜியைச் சந்தித்து அம்முறையைக் கற்றார். நரம்பிழைகள் எல்லாம் ஒன்றோடொன்று பின்னி ஒரே வலையாகக் கலந்துவிட்டவை என்பதே அக்காலத்துப் பெரும்பாலோர் கருத்து. அவ்வாறு கலந்திருப்பதற்குச் சான்று இல்லை என்று துணிந்து கூறிய முதற் சிலருள் நான்சனும் ஒருவர். இந்த ஆராய்ச்சிக்காக 1888இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

பட்டத்திற்கான விவாதம் முடிந்த சில நாட்களில் அவர் கிரீன்லாந்துக்குப் புறப்பட்டுவிட்டார்!

பின்வாங்க வழியில்லாத பாதை

கிரீன்லாந்தின் மேற்குக் கரையில் மக்கள் குடியிருப்புகள் உண்டு. கிழக்குக் கரையோ பெரும்பாலும் வெறும் பாழ். முன்பு முயன்றவர்கள் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிச் சென்றார்கள். இயலாதபோது திரும்பி வந்தார்கள். நான்சன் கணக்கை மாற்றிப் போட்டார். கிழக்கில் இறங்கி மேற்கு நோக்கி நடப்பது அவர் திட்டம். பின்னால் திரும்பினால் அங்கே யாரும் இல்லை, உணவு இல்லை, கப்பல் இல்லை. முன்னால் சென்றால்தான் உயிர். அறிவுள்ளவர்கள் பலர் இதைத் தற்கொலை என்றே கருதினார்கள்.

அறுவர் புறப்பட்டனர். ஓட்டோ ஸ்வெர்ட்ரப் என்ற மாலுமியும் அவர்களுள் ஒருவர். கப்பலை விட்டுப் படகுகளில் இறங்கியதும் மிதக்கும் பனிக்கட்டிகளுக்கிடையே அகப்பட்டுப் பல நாட்கள் தெற்கே அடித்துச் செல்லப்பட்டார்கள். பிறகு கரையேறி, வடக்கே துடுப்புப் போட்டு, ஆகஸ்டு மாதத்தில் பனிமேட்டின் மீது ஏறத் தொடங்கினார்கள். உச்சியில் உயரம் 2,700 மீட்டருக்கு மேல். இரவுக் குளிர் பூச்சியத்துக்குக் கீழே நாற்பது டிகிரியையும் தாண்டியது. செப்டம்பர் இறுதியில் மேற்குக் கரையின் கடற்கழியை அடைந்தனர். கூடாரத் துணியையும் அலரிக் கொம்புகளையும் கொண்டு ஒரு சிறு படகு கட்டி, நான்சனும் ஸ்வெர்ட்ரப்பும் அக்டோபர் 3ஆம் நாள் ஊர் சேர்ந்தார்கள். அந்த ஆண்டின் கடைசிக் கப்பல் போய்விட்டிருந்தது. குளிர்காலம் முழுவதும் அங்கேயே எஸ்கிமோ மக்களோடு தங்கி, அவர்கள் மொழியையும் கயாக் படகு ஓட்டும் வித்தையையும் கற்றுக்கொண்டார் நான்சன்.

இந்தப் பயணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் வழியைத் தாமே அடைத்துக்கொண்டு முன்னேறும் பழக்கம் அவருக்குப் பிற்காலத்திலும் இருந்தது.

இருவர் வாழ்ந்த குடிசை

சைபீரியாவுக்கு வடக்கே 1881இல் மூழ்கிய ஜென்னட் என்ற அமெரிக்கக் கப்பலின் பொருள்கள் சில, மூன்று ஆண்டு கழித்துக் கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையில் ஒதுங்கின. அப்படியானால் அவற்றைச் சுமந்து வந்த பனிப்பரப்பு துருவக் கடல் வழியாகவே நகர்ந்து வந்திருக்க வேண்டும். கப்பலையே அந்தப் பனியில் உறைய வைத்துவிட்டால் நீரோட்டம் அதைத் தானே கொண்டு செல்லும் அல்லவா? இதுவே நான்சன் எண்ணம். பனி நெருக்கும்போது நொறுங்காமல் மேலே வழுக்கி எழும்படியாக, அடி உருண்ட பிராம் என்ற கப்பலைக் காலின் ஆர்ச்சர் கட்டித் தந்தார். 1893 ஜூனில் 'பிராம்' கிறிஸ்டியானியாவை விட்டுப் புறப்பட்டது. செப்டம்பரில் பனியில் உறைந்தது. எதிர்பார்த்தபடியே பனியோடு நகர்ந்தது.

ஆனால் கப்பல் துருவத்தின் மேலாகச் செல்லாது என்று தெரிந்தது. 1895 மார்ச்சில் நான்சன், கப்பலை ஸ்வெர்ட்ரப்பின் பொறுப்பில் விட்டுவிட்டு, யொஹான்சன் என்ற ஒரே ஒரு துணைவரோடு நாய் வண்டிகளில் வடக்கே புறப்பட்டார். ஏப்ரலில் வட அகலக்கோடு 86 டிகிரி 14 நிமிடத்தை அடைந்தனர். அதுவரை மனிதன் காலடி அவ்வளவு வடக்கே பட்டதில்லை. அதற்கு மேல் செல்வது வீண் என்று கண்டு தெற்கே திரும்பினர்.

திரும்பும் வழியில் ஒரு நாள் பனிக்கரடி ஒன்று யொஹான்சனைக் கீழே தள்ளி மேலே நின்றது. அவர் அதன் தொண்டையை இறுகப் பிடித்துக்கொண்டு நான்சனை அழைத்தார். துப்பாக்கியோ கயாக்கில் இருந்தது. கயாக்கோ நீரில் வழுக்கிக்கொண்டிருந்தது. நான்சன் எப்படியோ துப்பாக்கியை எடுத்துச் சுட்டார். இன்னொரு நாள், கட்டி வைத்திருந்த கயாக்குகள் இரண்டும் அவிழ்ந்து காற்றில் மிதந்து போயின. உணவும் துப்பாக்கியும் அவற்றில்தான் இருந்தன. நான்சன் பனிநீரில் குதித்து நீந்திச் சென்று, கைகால் மரத்துப்போன நிலையில் அவற்றை மீட்டார்.

இடையில் வந்த குளிர்காலத்தை, கல்லும் மண்ணும் வால்ரஸ் தோலும் கொண்டு கட்டிய ஒரு சிறு குடிசையில், கரடி இறைச்சி தின்று கழித்தார்கள். சுமார் ஒன்பது மாதம்! அவ்வளவு நெருக்கத்திலும் ஒருவரையொருவர் மரியாதையாக 'நீங்கள்' என்றே அழைத்து வந்தார்களாம். 1895ஆம் ஆண்டின் கடைசி இரவில்தான், இனி 'நீ' என்றே சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள். 1896 ஜூனில் தற்செயலாக ஜாக்சன் என்ற ஆங்கிலேயப் பயணியைச் சந்தித்து, ஆகஸ்டில் நார்வே திரும்பினர். ஒரு வாரத்தில் 'பிராம்' கப்பலும் நல்லபடியாக வந்து சேர்ந்தது.

பனிப் பாலையில் வேடிக்கை பார்ப்பவன் என்று ஒருவன் இருக்க முடியாது. இருவர் இருக்கும் இடத்தில் ஒருவனுக்கு ஆபத்து வந்தால், மற்றவனே அவனுக்குக் காவல், மருத்துவம், அரசு எல்லாம். நான் ஏன் உதவ வேண்டும் என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை. கூட்டம் பெருகப் பெருகத்தான் அந்தக் கேள்வி பிறக்கிறது. வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்ற எண்ணமும் கூட்டத்தில்தான் பிறக்கிறது.

ஆய்வுக் கூடத்திற்கு வந்த அழைப்பு

நான்சன் உலகப் புகழ் பெற்றார், பேராசிரியர் ஆனார். 'பிராம்' பயணத்தில் மிதக்கும் பனி, காற்று வீசும் திசையிலேயே செல்லாமல் சற்று வலப்புறமாக விலகிச் செல்வதைக் கண்டிருந்தார். பூமியின் சுழற்சியே அதற்குக் காரணம் என்று அவர் கருதினார். எக்மன் என்ற இளைஞர் இதைக் கணக்கிட்டு நிறுவியதே இன்று கடல் நூலில் எக்மன் சுருள் என்று படிக்கப்படுகிறது. 1905இல் நார்வே, ஸ்வீடனிலிருந்து பிரிந்து தனி அரசானபோது தம் நாட்டிற்காகப் பேசினார். பின்னர் லண்டனில் நார்வேயின் தூதராகவும் பணி புரிந்தார். அங்கிருந்தபோது, 1907 டிசம்பரில் அவருடைய மனைவி ஈவா நோயுற்றார். செய்தி கேட்டு விரைந்தார் நான்சன். அவர் போய்ச் சேருமுன் ஈவாவின் உயிர் பிரிந்துவிட்டது. உலகமெல்லாம் ஓடிய மனிதர் தம் வீட்டுக்குக் காலம் கடந்தே வந்தார்.

முதல் உலகப் போரில் நார்வே நடுநிலை நாடு. எனினும் தானியக் கப்பல்கள் வராமல் உணவு குறைந்தது. நான்சன் அமெரிக்கா சென்று பல மாதம் பேசி, 1918இல் உணவு இறக்குமதிக்கு ஒப்பந்தம் செய்துகொண்டு வந்தார். ஒரு நாட்டின் பசி என்பது தானியம், கப்பல், கடன் ஆகிய மூன்றின் கணக்கு என்பதை அப்போது கற்றார்.

போர் முடிந்தது. அவருக்கு வயது ஐம்பத்தேழு. கடல் ஆராய்ச்சிக்குத் திரும்பிவிடலாம் என்பதே அவர் ஆசை. 1920 ஏப்ரலில் சர்வதேச சங்கத்திடமிருந்து அழைப்பு வந்தது. ரஷ்யாவிலும் மத்திய ஐரோப்பாவிலும் லட்சக்கணக்கான போர்க் கைதிகள் வீடு திரும்ப வழியின்றிக் கிடந்தார்கள். போர் ஓய்ந்து ஓராண்டுக்கு மேலாகியும் அவர்கள் கூடாரங்களில் குளிராலும் நோயாலும் மடிந்துகொண்டிருந்தார்கள். தங்கள் கைதிகளைப் பற்றிக் கவலைப்பட்ட நாடுகளுக்குப் பணம் இல்லை. பணம் இருந்த நாடுகளுக்குக் கவலை இல்லை. ரஷ்யாவின் புதிய சோவியத் அரசு சர்வதேச சங்கத்தை ஏற்கவே இல்லை; ஆனால் நான்சன் என்ற தனிமனிதரோடு பேச இசைந்தது. ரயிலும் கப்பலும் தேடிப் பிடித்து, இரண்டு ஆண்டுகளில் நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட கைதிகளை ஊர் சேர்த்தார். முடித்த வேலையின் பரிசு அடுத்த வேலை என்பார்கள். அவருக்கும் அப்படியே வந்தது.

வால்காக் கரையில்

1920இலும் 1921இலும் ரஷ்யாவின் வால்கா நதிப் பகுதியில் மழை பொய்த்தது. அதற்கு முன்பே உலகப் போரும் உள்நாட்டுப் போரும் ஏரையும் எருதையும் அழித்திருந்தன. புதிய அரசு உழவர்களிடமிருந்து தானியத்தைப் பலவந்தமாகப் பறித்துச் சென்றதால், பஞ்சத்துக்கென்று குதிரில் எதுவும் மிஞ்சவில்லை. வால்காக் கரையிலும் தென் உக்ரைனிலும் இரண்டு கோடிக்கு மேற்பட்ட மக்கள் பசியின் வாயில் நின்றார்கள். புல்லையும் மரப்பட்டையையும் மாவாக அரைத்தார்கள். எழுத்தாளர் மாக்சிம் கார்க்கி 1921 ஜூலையில் உலகத்தை நோக்கிக் கை நீட்டினார்.

அமெரிக்காவின் நிவாரண நிறுவனம் ஹூவரின் தலைமையில் முன்வந்தது. ஐரோப்பாவில் செஞ்சிலுவைச் சங்கங்களும் பிற அறச் சங்கங்களும் ஜினீவாவில் கூடி நான்சனைத் தலைவராக்கின. அவர் மாஸ்கோ சென்று ஒப்பந்தம் செய்தார். கையில் பணம் இல்லை. அரசுகள் கடன் கொடுத்தால்தான் தானியம் வாங்க முடியும்.

1921 செப்டம்பரில் ஜினீவாவில் சர்வதேச சங்கத்தின் பேரவை கூடியிருந்தது. நான்சன் அங்கே எழுந்து பேசினார். விஞ்ஞானி அல்லவா? கணக்கையே முன்வைத்தார். கனடாவில் அமோக விளைச்சல். அமெரிக்காவில் வாங்குவார் இன்றிக் கோதுமை உழவர்களின் கிடங்குகளிலே மட்கிக்கொண்டிருக்கிறது. அர்ஜென்டீனாவில் மக்காச்சோளத்தை ரயில் எஞ்சின்களில் எரிக்கிறார்கள். கப்பல்கள் சரக்கின்றித் துறைமுகங்களில் நிற்கின்றன. மாலுமிகள் வேலையின்றி இருக்கிறார்கள். அவர் கேட்ட தொகை ஐம்பது லட்சம் பவுன். அது ஒரு போர்க் கப்பல் கட்டும் செலவில் பாதிதான் என்று எடுத்துக் காட்டினார். ஒரு பக்கம் மிகுதி, மறு பக்கம் சாவு. இரண்டுக்கும் இடையே குறைவது மனம் மட்டுமே என்பது அவர் வாதம். காலமும் குறைவு. குளிர் வந்து ஆறு உறைந்துவிட்டால் தானியத்தை ஊர்களுக்குக் கொண்டு செல்வது அரிதாகிவிடும்.

மன்றத்தில் இருந்தவர்கள் கொடியவர்கள் அல்லர். வீட்டில் பிள்ளைகளை முத்தமிட்டுவிட்டு வந்தவர்கள்தாம். பேச்சைக் கேட்டு உருகவும் செய்தார்கள், கை தட்டினார்கள். ஆனால் காசு கொடுக்கவில்லை. உதவினால் சோவியத் அரசு பலப்பட்டுவிடும் என்றனர் சிலர். பழைய கடன்களை அந்த அரசு ஒப்புக்கொள்ளட்டும், பிறகு பார்க்கலாம் என்றனர் சிலர். எங்கள் நாட்டிலேயே வேலையில்லாதவர் பலர் இருக்கிறார்கள் என்றனர் சிலர். ஒவ்வொரு காரணத்திலும் கொஞ்சம் உண்மை இருந்தது. அதுதான் துயரம்! உதவ மறுப்பவனுக்குப் பொய்க் காரணம் தேவையில்லை; பாதி உண்மையே போதுமானது.

அரசு பலப்படக்கூடும் என்பதை நான்சனும் மறுக்கவில்லை. ஓர் அரசைத் தண்டிப்பதற்காக இரண்டு கோடி உயிர்களைச் சாகவிடலாமா என்பதே அவர் கேள்வி. பேரவையில் இருந்தவர்களைப் பார்த்து, தங்கள் மனச்சாட்சிக்கு இதற்கு விடை சொல்ல முடியுமா என்று கேட்டார். விடை வரவில்லை. அக்டோபரில் பிரஸ்ஸல்ஸ் நகரில் அரசுகளின் மாநாடு ஒன்று கூடியது; பழைய கடனை ஏற்க வேண்டும் என்ற நிபந்தனையையே அதுவும் விதித்தது.

மணிமேகலைக்கு அமுதசுரபி கிடைத்தது. நான்சன் கையில் இருந்ததோ வெறும் ஓடு. அதை ஏந்திக்கொண்டு அரசுகளின் வாசலை விட்டு மக்களின் வாசலுக்குச் சென்றார். அவ்வாண்டின் இறுதியில் பஞ்சப் பகுதிக்கே போனார். வால்காக் கரை ஊர்களில் அவர் கண்டவற்றை இங்கு விவரிக்க மனம் வரவில்லை. எலும்பும் தோலுமான குழந்தைகளையும், புதைக்க ஆளின்றிக் குவிந்து கிடந்த உடல்களையும் படம் எடுத்தார். திரும்பி வந்து ஊர் ஊராக அந்தப் படங்களை விளக்கொளியில் திரையிட்டுப் பேசினார். நுண்ணோக்கியில் கண்டதை வரைந்து காட்டிய அதே கை, இப்போது மனிதர்கள் பார்க்க விரும்பாததைப் படமாகக் காட்டியது. தெரியாது என்று இனி ஒருவரும் சொல்ல முடியாதபடி செய்வதே அவர் நோக்கம். சிறு சிறு நன்கொடைகள் வந்தன. குழந்தைகள் காப்பு நிதியினரும் குவேக்கர் அன்பர்களும் சராத்தவ், புசுலுக் பகுதிகளில் சமையற் கூடங்கள் நடத்தினார்கள். அமெரிக்க நிறுவனம் மிகப் பெரும் பங்கைச் சுமந்தது. 1922இன் கோடையில் நாள்தோறும் ஒரு கோடிப் பேருக்கு அது உணவளித்தது.

இருந்தும் அந்தப் பஞ்சத்தில் இறந்தவர்கள் சுமார் ஐம்பது லட்சம் என்று மதிப்பிடப்படுகிறது. அவர்களில் எத்தனை பேரைக் காலத்தில் கொடுத்த கடன் காப்பாற்றியிருக்கும் என்று யாரும் கணக்கிட முடியாது. கணக்கிட முடியாது என்பதனாலேயே அந்தக் கணக்கு இல்லாமல் போய்விடுமா?

நாடற்றவர்க்கு ஒரு தாள்

அதே காலத்தில் வேறொரு கூட்டமும் ஐரோப்பாவில் அலைந்துகொண்டிருந்தது. புரட்சியை விட்டு ஓடி வந்த ரஷ்யர்கள் பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள். சோவியத் அரசு அவர்களுடைய குடியுரிமையைப் பறித்தது. பாஸ்போர்ட் இல்லாதவனை எந்த நாடும் உள்ளே விடாது. இருக்கும் நாடும் வைத்துக்கொள்ளாது. எல்லைக் கோட்டில் நின்று இப்புறமும் அப்புறமும் தள்ளப்படுவான். அவனைத் தள்ளும் அதிகாரி ஒவ்வொருவனும் தன் கடமையைத்தான் செய்கிறான்!

1921 முதல் அகதிகளுக்கான உயர் ஆணையராக இருந்த நான்சன், 1922 ஜூலையில் ஓர் எளிய வழி கண்டார். நாடற்றவருக்கென ஓர் அடையாளத் தாள்; அதை நாடுகள் ஒப்புக்கொள்ள வேண்டும். அதுவே நான்சன் பாஸ்போர்ட். காலப்போக்கில் ஐம்பதுக்கு மேற்பட்ட அரசுகள் அதை ஏற்றன. சுமார் நாலரை லட்சம் பேர் அதைப் பெற்றனர். இசைமேதைகள் ஸ்டிராவின்ஸ்கியும் ரக்மானினோவும், ஓவியர் ஷகாலும், எழுத்தாளர் நபக்கோவும் அந்தத் தாளை வைத்திருந்தவர்கள். புகழ் பெறாத லட்சம் தையற்காரர்களும் தச்சர்களும் வண்டியோட்டிகளும் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நிம்மதியாக உறங்கினார்கள்.

1922ஆம் ஆண்டு அமைதிக்கான நோபல் பரிசு நான்சனுக்கு வழங்கப்பட்டது. அந்தப் பணத்தையும் அவர் நிவாரணப் பணிகளுக்கே கொடுத்துவிட்டார்.

அவர் செய்தவை எல்லாம் பழுதற்றவை என்று சொல்வது வாழ்க்கை வரலாறு ஆகாது. சோவியத் அரசை அளவுக்கு மீறி நம்பினார் என்று பலர் குறை கூறினர். 1922இன் இறுதியில், பஞ்சம் முற்றும் தீராதபோதே, அந்த அரசு தானியத்தை ஏற்றுமதி செய்ய முற்பட்டது அவர்கள் வாதத்துக்கு வலுவூட்டியது. கிரீசுக்கும் துருக்கிக்கும் இடையே மக்களை இடம் மாற்றும் 1923ஆம் ஆண்டு ஏற்பாட்டில் அவருக்குப் பங்குண்டு. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கிரேக்கக் கிறிஸ்தவர்களும் லட்சக்கணக்கான முஸ்லிம்களும் பிறந்த மண்ணை விட்டுக் கட்டாயமாகப் பிரிந்தார்கள். மேலும் படுகொலைகள் நேராமல் அது தடுத்தது என்பார் உண்டு. வேரோடு பிடுங்கியது கொடுமை என்பாரும் உண்டு. இரண்டையும் நாம் நினைவில் கொள்வதே நேர்மை.

ஆர்மீனிய அகதிகளுக்கு நிலமும் நீர்ப்பாசனமும் அமைத்துத் தரத் திட்டம் தீட்டி, 1925இல் அந்நாட்டை நேரில் பார்த்து வந்தார். போர்க் காலத்தில் அந்த மக்களுக்கு வாய் நிறைய வாக்குறுதி கொடுத்த அரசுகளிடம் அதற்கான கடனைக் கேட்டார். மீண்டும் மீண்டும் கேட்டார். அவை கைவிரித்தன. அவர் உள்ளத்தை மிகவும் புண்படுத்திய தோல்வி இதுவே. எனினும் இறுதி வரையில் கேட்பதை நிறுத்தவில்லை. கிழக்குக் கரையில் இறங்கியவனுக்குத் திரும்பும் வழி ஏது?

1930 மே 13ஆம் நாள், தம் வீட்டுத் தாழ்வாரத்தில் அமர்ந்திருந்தபோது நான்சன் உயிர் நீத்தார். நார்வேயின் தேசிய தினமாகிய மே 17ஆம் நாள் அவருடைய இறுதி ஊர்வலம் நடைபெற்றது. அவர் பெயரால் அமைந்த அகதிகள் அலுவலகம் 1938இல் நோபல் பரிசு பெற்றது.

நமக்கு

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். கயிற்றை வீசாதவன் குற்றவாளியா? நான்சன் வாழ்க்கையிலிருந்து எனக்குத் தோன்றும் விடை இது: துன்பத்தை அறிந்திருந்து, அதைத் தீர்க்கும் பொருளோ திறமையோ கையில் இருந்தால், சும்மா இருப்பதும் ஒரு செயலே. அதற்கும் கணக்கு உண்டு. உலகத்துத் துன்பம் முழுவதையும் ஒருவன் தலையில் சுமக்க முடியாது, நான்சனாலும் முடியவில்லை. ஆனால் நமக்குத் தெரிந்ததும், நம்மால் முடிந்ததும் எங்கே ஒன்று கூடுகின்றனவோ, அங்கே நம் பெயர் எழுதப்பட்டிருக்கிறது.

இதை எழுதும் தகுதி எனக்கு உண்டா என்று தயங்கினேன். சென்ற ஆண்டு விடுமுறை முடிந்து இங்கே திரும்பிக்கொண்டிருந்தேன். வழியில் ஒரு பெரிய சந்திப்பு நிலையம். என் பெட்டியின் சன்னலுக்கு அருகில் ஒரு முதியவர், கையில் துணி மூட்டையோடு, வருவோர் போவோரிடமெல்லாம் தமிழில் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். எந்த மேடையில் தம் வண்டி வரும் என்பதுதான் கேள்வி. ஒருவருக்கும் புரியவில்லை, கையை விரித்துவிட்டுப் போனார்கள். அவர்கள்மேல் குற்றம் இல்லை. எனக்குப் புரிந்தது. இறங்கினால் இடம் போய்விடுமோ, வண்டி புறப்பட்டுவிடுமோ என்று நினைத்தேன். யாராவது சொல்வார்கள் என்று எண்ணிக்கொண்டு, மடியில் இருந்த பாடக் குறிப்பைப் பார்த்தேன். சன்னலிலிருந்தே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம் என்பது, வண்டி நகர்ந்து, அவர் சிறிதாகி மறைந்த பிறகுதான் தோன்றியது. அந்த மேடையில் அவர் மொழி தெரிந்தவன் அநேகமாக நான் ஒருவனே.

அவர் வண்டி ஏறினாரா, இரவெல்லாம் அங்கேயே நின்றாரா, எனக்குத் தெரியாது. ஜினீவா மன்றத்தில் கை தட்டிவிட்டுக் காசு கொடுக்காமல் போனவர்களைப் பற்றிப் படிக்கும்போது எனக்குக் கோபம் வந்தது. உடனே அந்த மூட்டையும் நினைவுக்கு வந்தது, கோபம் அடங்கிவிட்டது.

ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்து படிக்கிறோம் நாம். இங்கே நமக்குத் தெரிந்த மொழி சிலருக்குத் தெரியாது. நமக்கு எளிதான ஒரு விண்ணப்பத்தை நிரப்பச் சிலருக்குத் தெரியாது. நம் விடுதியிலேயே பக்கத்து அறையில் மூன்று நாளாகக் கதவைச் சாத்திக்கொண்டிருக்கும் நண்பன் இருக்கலாம். ஐம்பது லட்சம் பவுன் யாரும் நம்மைக் கேட்கப் போவதில்லை. கேட்கப்படுவதெல்லாம் ஐந்து நிமிடம்தான். அடுத்த முறை சன்னல் ஓரத்தில் ஒரு குரல் கேட்டால், நான் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்திருப்பேன் என்று நம்புகிறேன். நீங்களும் எழுந்திருப்பீர்கள் அல்லவா?